பழைய வண்டிப் பட்டறைக்கு ஆள் தேவை



தோட்டப்புறத்திலிருந்து இந்தப் பேச்சைக் கேட்கும் பெற்றோர்களுக்கும், ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு 'அடுத்து என்ன செய்வது?' என்று நிற்கும் பிள்ளைகளுக்கும் இன்று ஒரு தொழிலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். பழைய மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறைத் தொழில்தான் அது. 'பழைய இரும்பைத் தட்டிக்கொண்டிருக்கவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்?' என்று சில தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள் அம்மா.

முதலில், பழைய வண்டி என்றால் எது? நம் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டாலே ஒரு பட்டியல் சொல்வார்கள். பல தோட்டங்களில் துரை லேண்ட்ரோவரில் வருவார். பெரிய கிராணியார் மோரிஸ் மைனரில் வருவார். நம் ஆட்கள் நாலு காசு சேர்த்து ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி. அதை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்பவர்தான் 1959இல் மினி காரையும் வரைந்தார். ஹோண்டா சூப்பர் கப் 1958இல் வந்தது. கிளட்ச் பிடி இல்லாமல் காலாலேயே கியர் மாற்றும் அந்தச் சின்ன வண்டி 2017இல் உலகம் முழுவதுமாகப் பத்துக் கோடி எண்ணிக்கையைத் தொட்டது. அந்தப் பத்துக் கோடியில் சில நம் லயத்து வாசல்களிலும் நின்றிருக்கின்றன.

நம் நாட்டு வண்டியும் இன்று இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 1985 ஜூலை 9ஆம் தேதி வெளியீடு கண்ட புரோட்டோன் சாகாவுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அன்று அப்பா கடனில் வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போன அந்தச் சாகாவை இன்று மகன் தேடிப் பிடித்துப் புதுப்பிக்க விரும்புகிறான். கையில் பணம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. செய்து கொடுக்கத்தான் ஆளைக் காணோம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கமும் கிள்ளான் பக்கமும் இத்தகைய பட்டறைகள் சிலவற்றுக்குச் சென்று பார்த்தோம். பெரும்பாலும் ஒரு தகரக் கொட்டகை, ஐந்தாறு வண்டி, அறுபதைத் தாண்டிய ஒரு போமன். அவ்வளவுதான். கிள்ளானில் ஒரு பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியாரே, காடி வரிசையா நிக்குது. வேலை இல்லைன்னு ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத்தான் ஒரு பையன் இல்ல." அவருடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் அவருக்குப் பெருமைதான், குறை இல்லை. ஆனால் நாற்பது ஆண்டு பழகிய அந்தக் கை ஓய்ந்தால் வாசலில் நிற்கும் வண்டிகளை யார் தொடுவது?

'ஏன், தொழிற்பயிற்சிக் கழகத்தில் மோட்டார் இயந்திரவியல் படித்த பிள்ளைகள் இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறார்கள், நன்றாகவும் படித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கற்றது இன்றைய வண்டி. இன்றைய வண்டியில் ஒரு கணினிப் பெட்டியைச் சொருகினால் எங்கே கோளாறு என்று எண் போட்டுக் காட்டிவிடும். மோரிஸ் மைனரில் அந்தப் பெட்டியைச் சொருக இடமே கிடையாது. காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து, விரலால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைச் சற்று விளக்கமாகவே சொல்வோம், ஏனென்றால் தொழிலின் நுட்பமே இங்கேதான் இருக்கிறது.

பழைய பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியை உண்டாக்க 'பாயிண்ட்' என்று ஒரு சின்னப் பொருள் உண்டு. இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். பிரியும்போது இருக்கவேண்டிய இடைவெளி, மோரிஸ் மைனருக்கு ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 14 முதல் 16 பங்கு. அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கென்று மெல்லிய தகட்டு அளவுகோல் இருக்கிறது. தகடு உள்ளே போகும்போது லேசாக உரசவேண்டும். பிடிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அந்த 'லேசாக' என்பதைப் புத்தகத்தில் எழுதிவிடலாம். விரல் அதை அறிய, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பத்து முறை செய்து பார்க்கவேண்டும்.

அதே வண்டியின் கார்பரேட்டர் எஸ்.யூ. என்ற வகை. அதன் தலையில் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் நிற்கவேண்டும். எண்ணெய் வற்றிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் வண்டி திணறும். விவரம் தெரியாதவர் கார்பரேட்டரையே கழற்றிப்போட்டு, புதிது வாங்கச் சொல்லி, நூற்றுக்கணக்கான வெள்ளிக்குச் செலவு வைப்பார். விவரம் தெரிந்தவர் மூடியைத் திருகிப் பார்த்து நாலு சொட்டு எண்ணெய் விடுவார். இந்த இருவரில் யாரிடம் நீங்கள் மறுபடி வண்டியைக் கொண்டுபோவீர்கள்?

இன்னொன்று ஆபத்தானது. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ். நேர்முனைதான் உடம்போடு இருக்கும். இது தெரியாமல் புதுப் பழக்கத்தில் பேட்டரியை மாட்டி, ரேடியோவைக் கருக்கியவர்கள் உண்டு. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள 'டிரனியன்' என்ற மூட்டுக்கு அடிக்கடி கிரீஸ் வைக்கவேண்டும். வைக்காமல் விட்டுத் தேய்ந்துபோனால் ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி உட்கார்ந்துவிடும். வீட்டு வாசலில் உட்கார்ந்தால் நல்ல காலம்; கூட்டரசு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தால்?

மரையாணிகூட ஒரே அளவில் இருக்காது. மிகப் பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வகை ஸ்பேனர், மோரிஸ் மைனருக்கு இன்னொரு வகை, ஜப்பான் வண்டிக்கும் சாகாவுக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர். ஏறக்குறையப் பொருந்துகிறது என்று தவறான ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் ஆணியின் முனை மழுங்கிவிடும். அப்புறம் அரை நாள் வேலை. எந்த வண்டிக்கு எந்தப் பெட்டி என்று தெரிந்துகொள்வதே முதல் ஆறு மாதப் பாடம்.

இந்தக் கைத்திறன் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு செந்தூலில் பெரிய ரயில்வே பட்டறை எழுந்தது. தண்டவாளம் போட்டவர்களிலும், நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளியவர்களிலும், பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின் ஊராகவே வளர்ந்தது. அங்கே ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த இடத்தில்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. செந்தூல் பட்டறையின் வேலையும் பின்னாளில் பேராவில் உள்ள பத்துகாஜாவுக்குப் போய்விட்டது. பட்டறை என்றால் அன்று அதுவே ஒரு பள்ளிக்கூடம். பையனாக நுழைந்தவன் பெரியவர் பக்கத்தில் நின்று, ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து, பிட்டராக வெளியே வந்தான். தோட்டத்திலும் அப்படித்தான். ரப்பர் ஆலை எஞ்சினையும் டிராக்டரையும் பார்த்துக்கொண்ட பிட்டருக்கு ஒரு கையாள் இருப்பான். பத்து ஆண்டில் கையாளே பிட்டராகிவிடுவான். தோட்டங்கள் துண்டுபட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபோது, லயத்தைவிட்டுக் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் பூச்சோங்குக்கும் பிழைக்க வந்த குடும்பங்களோடு இந்தக் கைத்திறனும் கொஞ்சம் வந்தது. அது அடுத்த தலைமுறைக்கு வராமல் நிற்கிறது.

தமிழகத்தில் ஜி.டி. நாயுடு என்ற பெரியவரை அறிந்திருப்பீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் கலங்கல் என்ற சிற்றூரில் 1893இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பு மிகக் கொஞ்சம். ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயரால் கோயம்புத்தூரில் 2015இல் பழைய கார்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் திறந்திருக்கிறார்கள். நாயுடுவைப் போல எல்லாரும் ஆகமுடியாது என்பது எங்களுக்கும் தெரியும். கழற்றிப் பூட்டுவதும் ஒரு படிப்புத்தான் என்பதற்காகச் சொன்னோம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் நெருக்கமான செய்தி. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் அங்கே பெட்ரோல் அரிதாகிப்போனது. அப்போது அங்கிருந்த பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள்; சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறிவிடும். பழைய எஞ்சினில் அழுத்தம் குறைவு என்பதால் அது மண்ணெண்ணெயைத் தாங்கியது. புகை வந்தது, நாற்றம் வந்தது, எஞ்சினும் சீக்கிரம் தேய்ந்தது. ஆனால் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வண்டிகளை ஓடவைத்தவர்கள் தெருமுனைப் பட்டறைக்காரர்கள்.

சரி, இங்கே ஏன் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை? 'இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சோம்பல்' என்று பட்டறைக்காரர்கள் சொல்கிறார்கள். அதை அப்படியே ஏற்க எங்களுக்கு மனமில்லை. பையன் கணக்குப் போடத் தெரிந்தவன். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த வாரமே கையில் காசு. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்குமேல். பட்டறையிலோ இரண்டு ஆண்டு தேநீர் வாங்கிவரவும், தரை கூட்டவும், 'டேய், அதை எடு' என்று கூப்பிட்டால் ஓடவும் வைத்தார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, சேமநிதி கிடையாது, கை நசுங்கினால் சொக்சோ கிடையாது. கேட்டால் 'நாங்களெல்லாம் அப்படித்தான் கற்றோம்' என்ற பதில். அவர்கள் அப்படிக் கற்றது உண்மைதான். அதற்காக இன்றைய பிள்ளையும் அப்படியே கற்கவேண்டுமா? ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்பது சட்டமாகிவிட்டது. அதைக் கொடுக்க மனமில்லாத பட்டறை, ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் நியாயம் குறைவு.

கொடுக்க மனமிருந்தும் முடியாத பட்டறைக்காரரும் இருக்கிறார். அவருடைய சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஆசிரியர்கள் அல்லவா, கரும்பலகை இல்லாமலே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் உழைத்தால் 200 மணி நேரம். ஒரு வண்டியை முழுக்கப் பிரித்து, துருவை அகற்றி, எஞ்சினைச் சரிசெய்து, மின்கம்பி மாற்றிப் பூட்ட 400 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு வண்டிக்கு இரண்டு மாதம். ஆறு வண்டியை ஏற்றுக்கொண்டால் ஆறாவது வண்டிக்காரர் ஓர் ஆண்டு காத்திருக்கவேண்டும். அவர் மாதம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவார், பிறகு கோபப்படுவார். இதற்கிடையில் கடை வாடகை கட்டவேண்டும். அதற்கு ஏழாவது வண்டிக்கு முன்பணம் வாங்குவார் நம் பட்டறைக்காரர். ஏழாவது வண்டியின் பணம் மூன்றாவது வண்டியின் உதிரிப்பாகத்துக்குப் போய்விடும். பல நல்ல பட்டறைகள் இந்தச் சுழலில்தான் மூழ்குகின்றன. வேலை தெரியாததால் அல்ல.

இப்போது ஒரு கையாள் இருக்கிறான் என்று வையுங்கள். அந்த 400 மணி நேரத்தில் கழற்றுவது, கழுவுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஆணிகளைப் பிரித்து வைப்பது எல்லாம் சேர்ந்து 150 மணி நேரம். இதைக் கையாள் பார்த்துக்கொண்டால் பெரியவருக்கு மிஞ்சுவது 250. ஆறு வண்டிக்கு 1,500 மணி நேரம். ஏழரை மாதத்தில் முடியும். மிச்சமான நாலரை மாதத்தில் இன்னும் மூன்று வண்டி செய்யலாம். கையாளின் சம்பளம் அந்த மூன்று வண்டியிலிருந்து வருகிறது. 'ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது' என்பவர் இந்தக் கணக்கைத் தம் கடை எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு பழக்கமும் மாறவேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகும். சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகும். நம்மவர் பத்து நிமிடத்துக்கு மட்டும் கூலி கேட்பார். கேட்கக் கூச்சம். மருத்துவர் நோயைக் கண்டுபிடிப்பதற்குத்தானே நாம் பணம் கொடுக்கிறோம்?

இனி, பிள்ளையை இந்தத் தொழிலில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்குச் சில செய்திகள். பட்டறையில் மட்டும் கற்றால் கையில் தாள் இருக்காது. கழகத்தில் மட்டும் படித்தால் கையில் பழக்கம் இருக்காது. இரண்டையும் சேர்க்கும் ஏற்பாடு ஒன்று நம் நாட்டில் 2005 முதல் இருக்கிறது. எஸ்.எல்.டி.என். என்று சொல்வார்கள். பயிற்சியில் பெரும்பகுதி, நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரை, வேலையிடத்திலேயே நடக்கும். மீதி பயிற்சி நிலையத்தில். முடிவில் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ். அதில் மூன்று நிலைகள். அதற்குமேல் டிப்ளோமாவும் உண்டு. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா இதைக் கவனிக்கிறது. தேசிய மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே 'பட்டறைக்குத்தானே போகப்போகிறான்' என்று மலாய்ப் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே பல ஆண்டு பட்டறையில் வேலை செய்து, சான்றிதழ் இல்லாமல் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் வழி இருக்கிறது. மறுபடி வகுப்பில் உட்காரவேண்டியதில்லை. செய்த வேலைக்கு ஆதாரங்களைக் காட்டித் தகுதியை நிரூபித்துச் சான்றிதழ் பெறும் முறைக்குப் பி.பி.தி. என்று பெயர். அதற்காகவாவது செய்யும் வேலையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்; என்ன கோளாறு, எப்படித் தீர்ந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். நாங்கள் பார்த்த பட்டறைகளில் ஒன்றில், கழற்றிய ஆணிகளை மைலோ டின்களில் போட்டு, எந்தப் பக்கத்துச் சக்கரம், எத்தனையாவது ஆணி என்று துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தக் கடையில் வேலை தடுமாறாமல் நடந்ததற்கு அந்த டின்களும் காரணம். அவற்றுக்குச் சீட்டு எழுதியது பட்டறைக்காரரின் மகள். வயரிங் வேலையும் அந்தப் பெண் பார்க்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு இது ஆகாது என்பவர்கள் கவனிக்கவும்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய வண்டியின் பிரேக், கிளட்ச் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது; ஈரத் துணியால் துடைத்துக் கட்டிப் போடவேண்டும். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்து நோயாக வெளிவரும். பெட்ரோலில் கை கழுவும் வழக்கமும் வேண்டாம். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. இரும்பு முட்டுக்கால் வைத்த பிறகுதான் உள்ளே போகவேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் அன்று அந்தக் கொட்டகையில் முட்டுக்கால் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சொக்சோ, சேமநிதி கட்டுவீர்களா என்று கேளுங்கள். எந்த மாதம் எந்த வேலை கற்றுத் தருவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பட்டறை என்றால் அடுத்த பட்டறைக்குப் போகலாம். ஆள் பஞ்சம் இருக்கும் இந்தக் காலத்தில் கேட்கும் உரிமை உங்கள் பக்கம் இருக்கிறது.

மின்சார வண்டி வந்துகொண்டிருக்கிறதே, இந்தத் தொழில் எத்தனை நாளைக்கு என்று ஒரு தகப்பனார் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய வண்டிகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. இந்த ஒன்றை மட்டும் நம்பி ஆயிரம் பிள்ளைகள் இறங்கினால் ஆயிரம் பேருக்கும் சோறு கிடைக்காது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பற்றாக்குறை ஆயிரக்கணக்கில் இல்லை. கடைக்கு ஒருவர், இருவர். அந்த இடங்களுக்குப் போகும் பிள்ளை பாயிண்டும் கார்பரேட்டரும் கற்கும்போதே மாலை வகுப்பில் கணினிப் பெட்டியையும் மின்சார வண்டியையும் கற்கட்டும். வயதான போமன்கள் கடையில் இருக்கும் காலம் மட்டும் அதிகம் இல்லை. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவு வரும்வரை பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களில், பக்கத்துப் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் பேசி, ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள். பையனுக்கு ஒத்துவருகிறதா இல்லையா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.